முதிய நாயின் மூட்டு வலியும் லேசர் ஒளியும்

நாய் மனிதனை அண்டி வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அது மந்தையைக் காத்தது. வேட்டைக்கு உடன் சென்றது. வாயிலில் படுத்து வீட்டைக் காவல் புரிந்தது. ஆயினும் நாயின் முதுமையை நாம் இவ்வளவு அருகிலிருந்து காண்பது பெரும்பாலும் அண்மைக் காலத்து அனுபவமே. தடுப்பூசியும் நல்ல உணவும் தக்க மருத்துவமும் கிடைப்பதால், இன்று வீட்டில் வளரும் நாய்களுள் பல 12 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழ்கின்றன. நீண்ட வாழ்வு வந்தபொழுது, நீண்ட வாழ்வுக்கு உரிய துன்பங்களும் உடன் வந்தன. அவற்றுள் முன் வரிசையில் நிற்பது மூட்டு வாதம்.

நான் கால்நடை மருத்துவன். மூட்டு வாதத்தால் வருந்தும் நாய்களுக்கு இப்பொழுது லேசர் ஒளியைக் கொண்டு சிகிச்சை செய்கிறார்கள். இதைக் கேட்டவுடன் மாணவ நண்பர்களின் மனத்தில் இரண்டு கேள்விகள் எழலாம். ஒளி எவ்வாறு வலியைப் போக்கும் என்பது ஒன்று. வலி போயிற்று என்பதை, வாய் திறந்து சொல்லாத பிராணியிடமிருந்து நாம் எவ்வாறு அறிவது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை காண்பது எளிதன்று. இரண்டாவதற்கு விடை காண்பது அதனினும் அரிது. இவ்விரண்டையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் மூட்டு என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம். இரண்டு எலும்புகள் ஒன்றோடொன்று கூடும் இடம் மூட்டு. எலும்பும் எலும்பும் நேராக உராய்ந்தால் இரண்டுமே தேய்ந்துபோகும். ஆகையால், அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. மூட்டைச் சுற்றி ஓர் உறை. அந்த உறையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய சவ்வு. அச்சவ்விலிருந்து சுரக்கும் பசை போன்ற நீர். வண்டியின் அச்சுக்கு மசகு எவ்வாறோ, அவ்வாறே மூட்டுக்கு இந்த நீர் பயன்படுகிறது. குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. இரத்தக் குழாய் இல்லாமையால் அது புண்பட்டால் எளிதில் ஆறுவதில்லை. நரம்பு இல்லாமையால் அது தேயத் தொடங்கும்பொழுது வலி தெரிவதில்லை. அடியிலுள்ள எலும்பும், சுற்றியுள்ள சவ்வும் உறையும் பாதிக்கப்பட்டு அழற்சி கொள்ளும்பொழுதுதான் வலி தோன்றுகிறது. அப்பொழுதோ நோய் வெகு தூரம் முற்றியிருக்கும்.

இந்நோய் முதுமையினால் மட்டும் வருவது என்று எண்ணிவிடக் கூடாது. மனிதர்களுக்கு வரும் மூட்டுத் தேய்வு பெரும்பாலும் வயதோடு தொடர்புடையது. நாய்களிலோ, இளமையிலேயே இதன் விதை ஊன்றப்பட்டுவிடுவது உண்டு. இடுப்பு மூட்டின் பந்தும் கிண்ணமும் சரியாகப் பொருந்தாமல் வளர்வது, முன்னங்கால் முழங்கை மூட்டின் வளர்ச்சிக் குறை, பின்னங்கால் முழங்காலில் உள்ள பந்தகம் அறுந்துபோவது ஆகிய இவையே பெரும்பாலும் பிற்கால வாதத்துக்குக் காரணங்கள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு முதலிய பெரிய இனங்களில் இக்குறைகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. உடற்பருமன் சேர்ந்துவிட்டால் துன்பம் இரு மடங்காகிறது.

வலியால் வருந்தும் நாய் கத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். திடீரென்று அடிபட்டால் கத்தும்; மெல்ல மெல்ல வந்த வலிக்குப் பெரும்பாலும் கத்துவதில்லை. அது தன் பழக்கங்களை மாற்றிக்கொள்கிறது. படுத்த இடத்திலிருந்து எழுவதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். மாடிப் படியின் அடியில் நின்று மேலே பார்க்கும்; ஏறாது. முன்பு துள்ளி ஏறிய நாற்காலியின் பக்கம் போகாது. ஒரு மூட்டையே ஓயாமல் நக்கும். இடுப்பைத் தொட்டால் உறுமும். வீட்டார் இதைக் கண்டு, “வயதாகிவிட்டது, அதனால்தான்” என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். முதுமை நோயன்று, முதுமையில் வரும் வலியே நோய். அந்த வேறுபாட்டை உணர்ந்தால் எத்தனையோ நாய்களின் கடைசி ஆண்டுகள் துன்பமின்றிக் கழியும்.

இதற்கு வழக்கமான சிகிச்சை யாது? உடல் எடையைக் குறைப்பது, அளவான நடைப்பயிற்சி, வழுக்காத தரை, மெத்தென்ற படுக்கை, மருத்துவர் தரும் அழற்சி நீக்கும் மாத்திரை ஆகியவை முதன்மையானவை. நாய்களுக்கென்றே ஆராய்ந்து செய்யப்பட்ட மாத்திரைகள் நல்ல பலன் தருகின்றன. ஆனால் அவற்றை நீண்ட நாள் கொடுக்கும்பொழுது வயிறு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதிய நாய்களுக்குச் சிறுநீரகம் முன்பே தளர்ந்திருப்பதும் உண்டு. இங்கு ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். மனிதர்கள் வலிக்கு உட்கொள்ளும் இபுப்ரோஃபென், பாரசிட்டமால் முதலிய மாத்திரைகளை இரக்கத்தினால் தாமாகவே நாய்க்குக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாத்திரைகள் நாயின் உயிருக்கே தீங்காக முடியலாம். இரக்கம் நல்லது; ஆனால் அளவு அறியாத இரக்கம் நஞ்சாகிவிடும். மருந்தின் அளவைக் குறைத்தோ, மருந்தோடு துணையாகவோ பயன்படுத்தக்கூடிய வேறு வழி உண்டா என்று மருத்துவர்கள் தேடியதன் காரணம் இப்பொழுது விளங்கும். அத்தேடலில் கிடைத்தவற்றுள் ஒன்றே லேசர் சிகிச்சை.

ஒளியை மருந்தாகக் கொள்வது புதிய எண்ணமன்று. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சன் என்னும் மருத்துவர், தோலைத் தாக்கும் ஒருவகைக் காச நோயைச் செறிவான ஒளியைப் பாய்ச்சிக் குணப்படுத்தினார். அதற்காக 1903-ஆம் ஆண்டில் அவருக்கு மருத்துவத்துக்குரிய நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் பயன்படுத்தியது பல நிறங்கள் கலந்த விளக்கொளி. லேசர் ஒளி அதனின்றும் வேறானது.

1917-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் ஒரு கருத்தை வெளியிட்டார். சக்தி ஏறிய நிலையில் உள்ள ஓர் அணுவின்மீது தக்க ஒளி படுமாயின், அந்த அணு தானும் அதே தன்மையுள்ள ஒளியை வெளிவிடும் என்பது அது. ஓர் ஒளித்துகள் இரண்டாகும், இரண்டு நான்காகும். இவ்வாறு ஒளியைப் பெருக்கிக்கொண்டே போகலாம் அல்லவா? இக்கருத்து கருவியாக உருவெடுக்க 43 ஆண்டுகள் சென்றன. 1960-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள், அமெரிக்காவில் தியோடர் மைமன் என்னும் விஞ்ஞானி செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். சாதாரண விளக்கின் ஒளி சந்தையிலிருந்து கலைந்து போகும் கூட்டத்தைப் போன்றது. பல நிறம், பல திசை, பல நடை. லேசர் ஒளியோ அணிவகுத்துச் செல்லும் படையைப் போன்றது. ஒரே நிறம், ஒரே திசை, ஒரே நடை.

மருத்துவர்கள் இந்தப் புதிய ஒளியை முதலில் கருவிக் கத்தியாகவே பார்த்தார்கள். ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவர், 1967-ஆம் ஆண்டு அளவில், புற்றுக் கட்டியை லேசரால் அழிக்க முடியுமா என்று எலிகளிடம் சோதனை செய்து பார்த்தார். அவரிடம் இருந்த லேசர் வலிமை குறைந்தது. அதனால் கட்டி அழியவில்லை. ஆனால் அவர் வேறொன்றைக் கவனித்தார். மயிர் மழிக்கப்பட்டிருந்த தோலில், ஒளி பட்ட எலிகளுக்கு மற்றவற்றைவிட விரைவில் மயிர் முளைத்தது. சோதனை தோற்றுவிட்டது என்று மூட்டை கட்டாமல், தோற்ற சோதனையில் தோன்றிய புதுமையை அவர் பின்பற்றிச் சென்றார். பின்னர் ஆறாத புண்களை ஆற்றவும் அந்த மெல்லிய ஒளியைப் பயன்படுத்திப் பார்த்தார். சுடாமல், அறுக்காமல், உயிரணுக்களைத் தூண்டும் லேசர் சிகிச்சை இவ்வாறு பிறந்தது.

தோலுக்கு மேலே படும் ஒளி உள்ளே இருக்கும் மூட்டுக்கு எப்படிப் போகும் என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு ஒரு சிறு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இருட்டறையில் ஒரு டார்ச் விளக்கை உள்ளங்கையோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கின் ஒளி வெள்ளையாயினும் கையின் மறுபுறம் சிவப்பாகவே ஒளிரும். நீலமும் பச்சையும் இரத்தத்தாலும் தசையாலும் உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. சிவப்பு தப்பி வருகிறது. சிவப்புக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியின் தொடக்கப் பகுதி இன்னும் சற்று ஆழம் செல்லும். அதற்கும் அப்பால் சென்றால் உடலிலுள்ள நீர் ஒளியை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, ஏறத்தாழ 600 முதல் 1,000 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளிக்கே உடல் ஒரு சாளரத்தைத் திறந்து வைத்திருக்கிறது எனலாம். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு. சிகிச்சைக்குரிய லேசர் கருவிகள் இச்சாளரத்தின் வழியே செல்லும் ஒளியையே பயன்படுத்துகின்றன.

உள்ளே சென்ற ஒளி என்ன செய்கிறது? ஒவ்வோர் உயிரணுவிலும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. உணவிலிருந்தும் பிராணவாயுவிலிருந்தும் சக்தியை ஆக்கித் தரும் உலைக்களங்கள் அவை. அவற்றில் சைட்டோக்குரோம் சி ஆக்சிடேஸ் என்னும் ஒரு நொதிப்பொருள் இருக்கிறது. இப்பொருள் சிவப்பொளியையும் அதை அடுத்த அகச்சிவப்பொளியையும் உறிஞ்ச வல்லது. ஒளி படும்பொழுது இதன் வேலை விரைவடைகிறது என்றும், அதனால் உயிரணுவின் சக்தி மிகுகிறது என்றும், அழற்சியைத் தூண்டும் பொருள்கள் குறைகின்றன என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். ரஷ்ய நாட்டு விஞ்ஞானி டீனா காரு இத்துறையில் பல ஆண்டுகள் உழைத்தவர். இக்கருத்துக்கு ஆய்வுக்கூடச் சான்றுகள் பல உண்டு. எனினும் இது முடிந்த முடிபு அன்று. நல்ல ஆதரவுள்ள ஒரு கொள்கை என்றே கொள்ளவேண்டும்.

ஒன்றை மட்டும் தெளிவாக நினைவில் வைக்க வேண்டும். தேய்ந்துபோன குருத்தெலும்பை லேசர் ஒளி மீண்டும் புதிதாக வளர்த்துத் தந்துவிடாது. அழற்சியைத் தணித்து வலியைக் குறைப்பதே இச்சிகிச்சையின் நோக்கம். வலி குறைந்தால் நாய் நடக்கும். நடந்தால் தசை வலுப்பெறும். தசை வலுத்தால் மூட்டின்மேல் விழும் சுமை குறையும். இந்த நல்ல சுழலைத் தொடங்கி வைப்பதற்கு மேல் எதையும் நாம் எதிர்பார்க்கலாகாது.

எல்லா மருந்தையும் போலவே ஒளிக்கும் அளவு உண்டு. ஒளியின் வலிமையை வாட் என்னும் அளவால் கூறுவோம். ஒரு வாட் வலிமையுள்ள ஒளி ஒரு விநாடி பாய்ந்தால், பாயும் சக்தி ஒரு ஜூல். மூட்டின் மேற்பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்றும், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 8 ஜூல் தேவை என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 400 ஜூல் ஆயிற்று. அரை வாட் கருவியானால் இதற்கு 800 விநாடிகள், அதாவது 13 நிமிடமும் 20 விநாடியும் ஆகும். 8 வாட் கருவியானால் 50 விநாடிகளே போதும். கணக்கில் இரண்டும் ஒன்றே, உடலுக்கு ஒன்றல்ல. வலிமை மிக்க கருவியை ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் சுட்டுவிடும். அளவு குறைந்தால் பயன் இல்லை. மிகுந்தால் பயன் மறைவது மட்டுமன்றிச் சில வேளை எதிரிடையான விளைவும் உண்டாகிறது. செடிக்கு நீர் வார்ப்பது போன்றதே இதுவும்.

சிகிச்சை நடக்கும் முறை எளியது. நாயை ஒரு விரிப்பில் படுக்க வைப்பார்கள். மருத்துவரும் உதவியாளரும் நாயைப் பிடித்துக்கொண்டிருப்பவரும் அந்த அலைநீளத்துக்கென்றே செய்யப்பட்ட கண்ணாடியை அணிந்துகொள்வார்கள். நாயின் கண்களும் மறைக்கப்படும். அகச்சிவப்பொளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததனால் கண் தானாக மூடிக்கொள்ளாது. விழித்திரை புண்பட்ட பிறகே உண்மை தெரியும். ஆதலால் இந்தக் காப்பு மிக இன்றியமையாதது. பிறகு பேனாவைப் போன்ற ஒளிமுனையை மூட்டைச் சுற்றிலும் மெல்ல நகர்த்துவார்கள். அடர்ந்த மயிர் ஒளியைத் தடுத்துவிடும். அதனால் மயிரை விலக்கியோ கத்தரித்தோ செய்வது உண்டு. கறுத்த மயிரும் கறுத்த தோலும் ஒளியை மிகுதியாக உறிஞ்சிச் சூடாகும். அங்கே வேகமும் வலிமையும் மாற வேண்டும். தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையும், பின்னர் இடைவெளி விட்டும் செய்வது வழக்கம். புற்றுக் கட்டி உள்ள இடத்திலும், கருவுற்ற நாயின் வயிற்றின்மீதும் ஒளியைப் பாய்ச்சக் கூடாது. மேடைப் பேச்சாளர்கள் சுவரில் சுட்டிக்காட்டப் பயன்படுத்தும் லேசர் பேனாவை இதற்கு மாற்றாக எண்ணுவது பேதைமை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். சிகிச்சை முடிந்து ஒரு மாதம் சென்று, “நாய் இப்பொழுது தேறிவிட்டது” என்று வீட்டார் சொல்கிறார்கள். அது உண்மைதானா?

மனிதர்களுக்கு மருந்து கொடுக்கும்பொழுது, மருந்து என்ற நம்பிக்கையே சிலருக்கு நோயைத் தணித்துவிடுகிறது. நாய்க்கு அந்த நம்பிக்கை இருக்க நியாயமில்லை. தனக்குச் செய்யப்படுவது சிகிச்சை என்பதையே அது அறியாது. ஆகவே நாய்களின்மீது செய்யும் சோதனையில் நம்பிக்கை நுழைய இடமில்லை என்று தோன்றலாம். ஆனால் நாயைப் பார்த்து மதிப்பிடுகிறவர் மனிதர் அல்லவா? நம்பிக்கை நாயின் உடலில் இல்லாவிட்டாலும் நம்முடைய கண்ணில் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டில் கான்ஸமியஸ், எவன்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதை நன்கு காட்டுகிறது. மூட்டு வாதத்தால் நொண்டிய 58 நாய்களுக்கு மருந்துச் சத்து இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. அவை ஊன்றி நடக்கும் விசை கருவியால் அளக்கப்பட்டது. கருவி முன்னேற்றம் காட்டாத வேளைகளிலும், நாய் தேறிவிட்டது என்று கருதிய நாய்க்குரியவர்களின் மதிப்பீடுகள் நூற்றுக்கு ஏறத்தாழ 40. மருத்துவர்களின் நிலை இன்னும் சற்று மேல். நாய் ஓடுவதைப் பார்த்து அவர்கள் சொன்னவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 இவ்வாறு இருந்தன. படிப்பும் பயிற்சியும் கண்ணின் ஆசையைக் கட்டிப் போட்டுவிடுவதில்லை.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. மூட்டு வாதம் ஒரே சீராக இருப்பதில்லை. சில வாரம் கடுமையாகும். சில வாரம் தானே தணியும். நாம் மருத்துவரிடம் போவது எப்பொழுது? வலி உச்சத்தில் இருக்கும்பொழுது. உச்சத்துக்குப் பிறகு இறக்கம் வருவது இயல்பு. அந்த இறக்கத்தின் புகழ் அந்த வேளையில் யார் அருகில் இருந்தாரோ அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மேலே கருவி என்று சொன்னேன். அது தரையில் பதித்த ஒரு தட்டு. நியூட்டனின் மூன்றாம் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு. நாய் காலை ஊன்றித் தட்டை அழுத்தும் விசையைத் தட்டு அளந்து காட்டுகிறது. நிற்கும் நாய் தன் எடையில் நூற்றுக்கு 60 பங்கு அளவு முன்னங்கால்களிலும், 40 பங்கு பின்னங்கால்களிலும் தாங்குகிறது. 30 கிலோ எடையுள்ள நாயானால் ஒவ்வொரு முன்னங்காலுக்கும் சுமார் 9 கிலோ, ஒவ்வொரு பின்னங்காலுக்கும் சுமார் 6 கிலோ. வலிக்கும் காலில் இந்தப் பங்கு குறைந்துவிடும். பேசாத பிராணி தன் வலியைக் கூறும் மொழி இதுவே.

லேசர் சிகிச்சை இத்தகைய கடுமையான சோதனைக்கு உட்பட்டிருக்கிறதா? ஓரளவு உட்பட்டிருக்கிறது. முழங்கை மூட்டு வாதமுள்ள 20 நாய்களைக் கொண்டு நடந்த ஒரு சோதனையின் முடிவு, 2018-ஆம் ஆண்டில் கனடா நாட்டுக் கால்நடை மருத்துவ இதழில் வெளிவந்தது. நாய்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவுக்கு உண்மை லேசர். மற்றொன்றுக்குச் சிகிச்சை போன்ற தோற்றம் மட்டும். எந்த நாய்க்கு எது என்பதை மதிப்பிடுகிறவர்கள் அறியாதவாறு மறைத்து வைத்தார்கள். ஆறு வாரம் சென்றபின், உண்மை ஒளி பெற்ற நாய்களில் நொண்டலும் வலியும் மிகுதியாகக் குறைந்திருந்தன. அவற்றுக்கு வேண்டிய மாத்திரையின் அளவும் குறைந்தது. இது நம்பிக்கை ஊட்டும் செய்தி. ஆனால் 20 நாய்கள் என்பது சிறிய எண்ணிக்கை.

இதை அடுத்து இன்னொரு செய்தியையும் சொல்வது நேர்மை. முதுகுத்தண்டின் வட்டு பிதுங்கி, அறுவை செய்துகொண்ட நாய்களுக்கு லேசர் கொடுத்தால் அவை விரைவில் நடக்கின்றன என்று 2012-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி கூறிற்று. 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி அத்தகைய பயனைக் காணவில்லை. இது மூட்டு வாதமன்று, வேறு நோய். ஆயினும் ஒரே வகைச் சிகிச்சைக்கு இருவகை விடை வரக்கூடும் என்பதை இது காட்டுகிறது. அலைநீளம், வலிமை, நேரம், இடம் ஆகிய இவற்றுள் எது மாறினாலும் அது வேறு மருந்தாகிவிடுகிறது. “லேசர் பயன் தருமா?” என்று பொதுவாகக் கேட்பது, “மாத்திரை பயன் தருமா?” என்று கேட்பதைப் போன்றது. எந்த மாத்திரை, எவ்வளவு, எந்த நோய்க்கு என்று கேட்டால்தான் விடை கூற முடியும்.

என்னிடம் ஒரு முதியவர் தம் லாப்ரடார் நாயை அழைத்து வந்தார். அதற்கு வயது 12. எழுந்து நிற்பதற்கே அது தடுமாறிற்று. “டாக்டர், இதை இப்படியே வைத்துக்கொண்டு வதைப்பதா, ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடுவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. லேசர் என்று ஒன்று இருக்கிறதாமே, அதையும் பார்த்துவிடலாம் என்று வந்தேன்” என்றார். உடன் அவருடைய பேரன், ஒன்பதாம் வகுப்பு மாணவன், நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் அவனிடம் ஒரு குறிப்புப் புத்தகம் வைக்கச் சொன்னேன். நாய் எழுந்து நிற்க எத்தனை விநாடி ஆகிறது, தெருக்கோடி வரை போய்வர எத்தனை நிமிடம் ஆகிறது, வாசற்படிகள் மூன்றையும் நில்லாமல் ஏறுகிறதா என்பவற்றைக் கடிகாரத்தைப் பார்த்து நாள்தோறும் எழுத வேண்டும். சிகிச்சை தொடங்குமுன் இரண்டு வாரமும் எழுத வேண்டும். “நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது என்ற சொற்கள் மட்டும் புத்தகத்தில் வரக்கூடாது” என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். எழுந்து நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்திருந்தது. தெருக்கோடி நடை சற்றே விரைவடைந்திருந்தது. படி ஏறுவதில் மாற்றம் இல்லை. பாட்டியார் ஊட்டிவந்த பிஸ்கோத்தும் நெய்ச் சோறும் நின்றதில் நாயின் எடையும் 4 கிலோ குறைந்திருந்தது. “தாத்தா லேசர்தான் காரணம் என்கிறார், பாட்டி பத்தியம்தான் என்கிறார். எது சரி, டாக்டர்?” என்று பையன் கேட்டான். இரண்டையும் ஒரே காலத்தில் செய்ததால் இந்த ஒரு நாயைக் கொண்டு அதைப் பிரித்துச் சொல்ல இயலாது என்றேன். அவன் சற்று யோசித்து, “அப்படியானால் நிறைய நாய் வேண்டும், பாதிக்குத்தான் லேசர் கொடுக்கவேண்டும்” என்றான். விஞ்ஞானச் சோதனையின் அடிப்படையை அவன் தானே கண்டுகொண்டான். ஊசியைப் பற்றிய பேச்சு அவ்வீட்டில் மறுபடி எழவில்லை. அந்த நாய் அதன்பின் ஓர் ஆண்டுக்கு மேல் இருந்தது.

பாட்டியின் கட்சிக்கு வலுவான சான்று உண்டு என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில் 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட நூற்றுக்கு 25 பங்கு குறைந்த உணவு, வாழ்நாள் முழுதும். 2002-ஆம் ஆண்டில் வெளியான முடிவுப்படி, மிகுதியாக உண்ட நாய்களின் நடுநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைத்து உண்டவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டு வாதத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்டதும் குறைத்து உண்டவற்றில் மிகப் பிந்தியே. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத சிகிச்சை இது. ஆனால் நாய் வாலை ஆட்டிக்கொண்டு முகத்தைப் பார்க்கும்பொழுது கையை இழுத்துக்கொள்வது எளிதன்று.

ஆகவே உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ முதிய நாய் ஒன்று இருந்தால், அது எழுவதையும் நடப்பதையும் கவனியுங்கள். தளர்ச்சி கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நோய் இன்னதென்று உறுதி செய்யாமல் எந்த ஒளியும் வேண்டாம். எடை, நடை, மருந்து ஆகிய மூன்றையும் சரி செய்தபின் லேசரைத் துணையாகக் கொள்ளலாம். எந்த அலைநீளம், எத்தனை ஜூல், எத்தனை முறை, பயன் இல்லையென்று எப்பொழுது நிறுத்துவது என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இக்கேள்விகளை விரும்பியே வரவேற்பார்.

இத்துறையில் செய்ய வேண்டிய வேலை இன்னும் நிறைய இருக்கிறது. சிறு சோதனைகள் பெருஞ் சோதனைகளாக வளர வேண்டும். எந்த நாய்க்கு எந்த அளவு என்பது வரையறுக்கப்பட வேண்டும். பௌதிகம் படிப்பவர்களுக்கும் உயிரியல் படிப்பவர்களுக்கும் கணிதம் படிப்பவர்களுக்கும் இதில் ஒருங்கே இடம் உண்டு. நம்மிடம் அன்பு கொண்ட பிராணி தன் வலியைச் சொல்லாது. அதற்காக நாமே நினைத்துக்கொண்டதை அதன் விடையாகக் கொள்ளாமல், பொறுமையோடு அளந்து பார்த்து அறிந்துகொள்வது நம் கடமை. அந்த வேலையைச் செய்ய உங்களுள் சிலரேனும் முன்வருவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.